தண்ணீருக்கு அப்பால் இருந்தவர்கள்
போர்ட் கிள்ளானின் தீவு மக்களும் நாமும்

பொன்விழா மலருக்கு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்ட விஷயம் சிறியதுதான். "நம் முன்னோர் வருவதற்கு முன்பு போர்ட் கிள்ளானில் என்ன இருந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், போதும்" என்றார்கள். ஒரு பக்கமே அதிகம் என்று நாமும் நினைத்தோம். சிறு வயதிலிருந்து இந்தக் கேள்விக்கு வீட்டிலும் கடையிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் நாம் கேட்ட பதில் ஒன்றுதான்: "என்ன இருந்தது? சேறும் கொசுவும்தான் இருந்தன. நாம் வந்துதான் ஊராச்சு."

இந்தப் பதிலில் பாதி உண்மை. மறு பாதி, துறைமுகத்துக்கு எதிரே தண்ணீருக்கு அப்பால் நாம் தினமும் பார்க்கும் தீவுகளில் இருக்கிறது. ஐம்பது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும் இந்த வேளையில் அந்த மறு பாதியையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சேறும் கொசுவும்

முதலில் உண்மையான பாதி. சிலாங்கூரின் ஈயமும் பிற சரக்கும் முன்பு ஆற்றின் உள்ளே இருந்த கிள்ளான் பட்டணத்திலிருந்தே கப்பலேறின. 1886-ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை ரயில் பாதை வந்ததும் சரக்கு பெருகியது. ஆற்றின் ஆழம் பெரிய கப்பல்களுக்குப் போதவில்லை. எனவே ஆறு கடலில் சேரும் இடத்தில் புதுத் துறைமுகம் கட்டினார்கள். ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரையே அதற்குச் சூட்டி, 1901 செப்டம்பர் 15-ஆம் நாள் திறந்தார்கள். திறந்த இரண்டே மாதத்தில் மலேரியாக் காய்ச்சல் பரவித் துறைமுகத்தை மூட வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலால் மட்டும் இறந்தவர்கள் 368 பேர். அப்போது கிள்ளானுக்குப் புதிதாக வந்திருந்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர், காட்டை வெட்டி, கரை கட்டி, வாய்க்கால் தோண்டி, தேங்கிய நீரை வடிக்கச் செய்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மறு ஆண்டில் காய்ச்சல் சாவு 59 ஆகக் குறைந்தது. உலகத்தில் வாய்க்கால் வெட்டி மலேரியாவை அடக்கிக் காட்டிய முதல் ஊர்களில் நம் ஊரும் ஒன்று. அந்த வாய்க்கால்களை வெட்டிய கூலிகளில் எத்தனையோ பேர் நம் கரையிலிருந்து வந்தவர்கள்.

ஆகவே சேறும் இருந்தது, கொசுவும் இருந்தது. ஆனால் சேறு இருந்தது என்பதற்காக ஆள் இல்லை என்று ஆகிவிடாது.

அலையாத்திக் காட்டு மனிதர்கள்

தென் துறைமுகப் படகுத்துறையில் நின்று பார்த்தால் தெரிகிற பச்சைக் கோடுகள் எல்லாம் தீவுகள்தாம். பூலாவ் கெத்தாம், பூலாவ் கிள்ளான், முன்பு பூலாவ் லூமுட் என்று இருந்து இப்போது மேற்குத் துறைமுகத்தைத் தாங்கி நிற்கும் பூலாவ் இண்டா. அதற்குத் தெற்கே, லங்காட் ஆறு பிரித்துக் காட்டும் பெரிய தீவு பூலாவ் கேரி. கெத்தாமில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீன மீனவர்கள் குடியேறிக் கால் நட்டு வீடு கட்டினார்கள். கேரித் தீவிலோ அவர்களுக்கும் நமக்கும் முன்பே மா மெரி மக்கள் இருந்தார்கள்.

எட்வர்டு வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயர்தான் இன்று தீவின் பெயர். தாழ்ந்த நிலம் அது. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் இந்தக் கரையில் ஓதம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். தீவைச் சுற்றிக் கரை எழுப்பி, மதகு வைத்து, கடல் நீரைத் தடுத்து முதலில் ரப்பரும் பிறகு செம்பனையும் நட்டார்கள். அதற்காகத் தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. தோட்டத்தில் தமிழ்ப் பள்ளிகளும் கோயில்களும் எழுந்தன. கடலைச் சேர்ந்து அலைந்து வாழ்ந்த மா மெரியினர் தோட்ட எல்லைக்கும் சேற்றுக்கும் நடுவே சுங்கை பும்புன், சுங்கை ஜூடா, சுங்கை ரம்பாய், சுங்கை கூராவ் போன்ற கம்பங்களில் நிலைத்தார்கள்.

'மா மெரி' என்றால் காட்டு மக்கள் என்று பொருள். பெசிசி என்றும் இவர்களையும் இவர்கள் மொழியையும் சொல்வார்கள். தீபகற்பத்தின் பதினெட்டு ஓராங் அஸ்லி பிரிவுகளில் இவர்களும் ஒரு பிரிவு. 'அஸ்லி' என்ற சொல்லை மதரசாவில் படித்த நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 'அஸ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மூலம், வேர் என்று பொருள்.

அலையாத்திக் காடு இவர்களுக்குக் கிட்டங்கி மாதிரி. நண்டும் சிப்பியும் மீனும் அங்கே. நிப்பா ஓலையும் விறகும் அங்கே. 'நீரே பத்து' என்ற சதுப்பு நிலத்து மரத்தில்தான் இவர்களுடைய பேர்பெற்ற சிற்பங்களைச் செதுக்குகிறார்கள். சங்கிலியில் கட்டுண்ட புலி என்று ஒரு சிற்பம் உண்டு. அந்தச் சங்கிலியின் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று தனித்தனியே ஆடும். ஆணியோ பசையோ ஒட்டோ கிடையாது. எல்லாம் ஒரே மரத் துண்டு. பட்டறையில் அளவுகோல் பிடித்துப் பழகிய எங்களுக்கு, வரைபடம் இல்லாமல் கையும் உளியும் மட்டும் கொண்டு அதை எப்படிச் செய்கிறார்கள் என்பது இன்றும் வியப்புத்தான். யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரை அச்சிற்பத்துக்குக் கிடைத்திருக்கிறது. பெண்கள் மெங்குவாங் ஓலையைச் சீவி, சாயமேற்றி, பாயும் பையும் முடைகிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் சீனப் புத்தாண்டுக்குப் பின்னான வாரங்களில், 'ஹரி மோயாங்' கொண்டாடுகிறார்கள். மோயாங் என்றால் முன்னோர். ஓலை ஆடையும் மர முகமூடியும் அணிந்து, மண்மேட்டைச் சுற்றி 'ஜோஓ' என்னும் ஆட்டம் ஆடுவார்கள். மூங்கில் குழாய்களைத் தட்டுவார்கள். மத்தளமும் வயலினும் உண்டு. அவர்களுடைய வழிபாடு நம் மார்க்கம் அல்ல. அதில் நமக்குக் குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் இனங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்ற பாடத்தை ஜும்ஆ மேடையில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அரை மணி நேரப் பயணத்தில் இருப்பவர்களை அறியாமலேயே மூன்று தலைமுறை கழித்துவிட்டோம்.

ஒரு கணக்குப் புத்தகம்

மூன்று தலைமுறை என்று கணக்காகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டு நன்னா அந்தத் தீவுக்குத் துணிமூட்டையோடு போய் வியாபாரம் செய்தவர். பாலம் வருவதற்கு முன்பு சம்பானில் போவார். கைலி, உப்பு, புகையிலை, நூற்கண்டு கொடுத்துவிட்டுப் பணமாகவோ நண்டாகவோ பாயாகவோ வாங்கி வருவார். அவருடைய பழைய பற்றுப் புத்தகம் ஒன்று பிஸ்கட் டின்னுக்குள் கடவுச்சீட்டோடு கிடந்தது. இக்கட்டுரைக்காக அதைப் பிரித்தோம்.

தோட்டத்துத் தமிழர்களின் பெயர்கள் தகப்பன் பெயரோடு எழுதப்பட்டிருந்தன. சீனக் கடைக்காரர்களின் பெயர்களும் நன்னாவுக்குக் காதில் விழுந்தபடி இருந்தன. மா மெரி மக்களின் பற்று மட்டும் இப்படி இருந்தது: "சக்காய் 1, கைலி 2. சக்காய் 2, உப்பு. சக்காய் 3, புகையிலை." பக்கம் பக்கமாகப் புரட்டியும் ஒரு பெயர்கூட இல்லை.

அந்தச் சொல்லை நம் வீடுகளில் இன்றும் சிலர் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அடிமை, காட்டான் என்ற இழிபொருளோடு வழங்கிய சொல் அது. ஓராங் அஸ்லி மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தீபகற்பத்தில் இருந்தது. ஆள்பிடிப்போருக்கு அஞ்சிக் காட்டுக்குள்ளும் சதுப்புக்குள்ளும் ஒதுங்கிய மக்களைத்தான், "ஒதுங்கியவர்கள், கூச்சக்காரர்கள்" என்று நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனோம். அங்குள்ள சில கடைகளுக்கு நாங்கள் அரிசியும் எண்ணெயும் போடுகிறோம். அந்தப் பழக்கத்தில் ஒரு கடைக்காரர் ஒரு மூதாட்டியிடம் அழைத்துச் சென்றார். திண்ணையில் ஓலை சீவிக்கொண்டிருந்தார். சம்பானில் துணி கொண்டுவந்த தமிழரைத் தெரியுமா என்று மலாயில் கேட்டோம். சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார். "ஓ, கெலிங் காயின்!" என்றார். துணிக் கெலிங்.

எங்கள் முகம் சுருங்கியது. 'கெலிங்' என்ற சொல் நம் காதில் எப்படி விழும் என்பது இந்த மலரைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்னதில் வசை இல்லை. நன்னாவுக்கு அங்கே வேறு பெயர் இல்லை, அவ்வளவுதான். அவருடைய புத்தகத்தில் அவர்களுக்கும் பெயர் இல்லை. அவர்கள் நினைவில் அவருக்கும் பெயர் இல்லை.

மூதாட்டி மேலும் ஒன்று சொன்னார். அந்தத் துணிக்காரர் அவர்கள் வீட்டில் சோறு உண்ணமாட்டாராம். சமையலில் தமக்கு ஆகாதது இருக்கும் என்று கையைக் காட்டி மறுத்துவிடுவாராம். அதற்காக அவர்கள் கோபப்படவில்லை. அவர் வரும் நாளில் இளநீர் ஒன்றைப் பறித்து, வேறு எதற்கும் தொடாத கத்தியால் அவர் கண் முன்பே சீவிக் கொடுப்பார்களாம். "அவருடைய கடவுள் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று என் அப்பா சொல்வார்" என்றார். ஹலால் என்ற சொல்லை அறியாதவர்கள், நம் பேணுதலை மதித்து ஒரு கத்தியைத் தனியே வைத்திருந்தார்கள். அதை நன்னா எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எழுதவும் இல்லை.

காகிதம் உள்ளவரும் இல்லாதவரும்

நன்னாவின் டின்னில் இன்னொன்றும் இருந்தது: சிவப்பு அடையாள அட்டை. நம் சங்கத்து மூத்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். 1968-ல் குடியுரிமை இல்லாதவர்களின் வேலைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்தது. 1969-க்குப் பிறகு பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை என்று ஆனபோது, இருபது முப்பது ஆண்டு இங்கே உழைத்தவர்கள் மூட்டை கட்டி ராஜூலா கப்பலேறினார்கள். 1926-ல் கட்டப்பட்டு, நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் இணைத்த அதே ராஜூலா. சபர் வந்தவர்களை இறக்கிய கப்பலே அவர்களைத் திரும்ப ஏற்றியும் போனது. அந்த நாட்களில் மனு எழுதவும் பாரம் நிரப்பவும் ஒருவருக்கொருவர் துணை நின்ற பழக்கத்திலிருந்துதான் நம்மைப் போன்ற சங்கங்கள் வேரூன்றின. வந்த நாளைக் காட்டக் காகிதம் வேண்டும், பிறந்த நாளைக் காட்டக் காகிதம் வேண்டும் என்று அலைந்தவர்கள் நாம்.

தீவு மக்களின் நிலை இதற்குத் தலைகீழ். அவர்கள் எங்கிருந்தும் வந்ததாகக் காட்ட வேண்டியதில்லை. எப்போதும் இங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டும். அதற்கு எந்த அலுவலகம் சீட்டுக் கொடுக்கும்? 1954-ஆம் ஆண்டின் பூர்வகுடி மக்கள் சட்டம் அவர்களுக்கென நிலத்தை ஒதுக்க வழிசெய்தது. ஆனால் ஒதுக்குவதும் ஒதுக்கியதைத் திரும்பப் பெறுவதும் மாநில அரசின் கையில் இருந்தன.

நம் பக்கத்து டிங்கிலில் நடந்த ஒரு வழக்கை இங்கே குறிப்பிட வேண்டும். சிப்பாங் விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காகப் புக்கிட் தம்போயைச் சேர்ந்த தெமுவான் மக்களின் நிலம் 1995-ல் எடுக்கப்பட்டது. மரங்களுக்கும் வீடுகளுக்கும் மட்டும் இழப்பீடு தரப்பட்டது, நிலத்துக்கு இல்லை. சாகோங் தாசியும் உடன் ஆறு பேரும் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களிடம் பட்டா இல்லை. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த வரலாறும், மூதாதையர் நட்ட மரங்களும், அவர்களை அடக்கம் செய்த இடங்களும் இருந்தன. 2002-ல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம், வழிவழி வந்த அந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு, நிலத்துக்கும் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2005-ல் மேல் முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2010-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

ஒரு கிழவர் சொல்லும் கதை நீதிமன்றத்தில் சாட்சியாகும் என்பது நமக்கும் ஒரு பாடம். நம் பெரியவர்களின் கதைகளை நாம் எங்கே வைத்திருக்கிறோம்?

கப்பல் வழியில் இன்னொரு தீவு

நாகூரிலிருந்தும் நாகையிலிருந்தும் கிளம்பிய கப்பல்கள் பினாங்கை அடையுமுன் நிக்கோபார் தீவுகளை ஒட்டிய கடலைத் தாண்டியாக வேண்டும். ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் கடாரத்தோடு மாநக்கவாரமும் வருகிறது. அந்த நக்கவாரம்தான் நிக்கோபார். இங்கே ஒரு வியப்பான செய்தி: நிக்கோபார் மக்களின் மொழிகளும் கேரித் தீவின் மா மெரி மொழியும் ஒரே ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் முன்னோர் கடந்து வந்த கடலின் அக்கரையிலும் இக்கரையிலும் தூரத்து உறவினர்கள் இருந்திருக்கிறார்கள். இரு கரையையும் தொட்டுப் போன நமக்கு அது தெரியவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தரங்கம்பாடியிலிருந்த டென்மார்க்குக்காரர்கள் நிக்கோபாரைத் தமதாக்கிக் குடியேற முயன்றார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சலில் மடிந்தார்கள். கடைசியில் 1868-ல் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டார்கள். வெளியார் காய்ச்சலில் செத்த அதே தீவில் நிக்கோபார் மக்கள் தென்னையும் தாழையும் வளர்த்து, பன்றியும் படகுமாக வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமின் கதையும் இதுதானே? வந்தவருக்குச் சதுப்பு என்றால் சாவு. இருந்தவருக்கு அது அடுக்களை.

இன்று இரண்டு இடத்திலும் துறைமுகப் பேச்சு நடக்கிறது. பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் பெரும் சரக்கு மாற்றுத் துறைமுகம் அமைக்கும் திட்டத்துக்கு 2022-ல் இந்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. அங்கே நிக்கோபாரியர்களும் ஷொம்பென் மக்களும் வாழ்கிறார்கள். கேரித் தீவில் மூன்றாவது துறைமுகம் கட்டும் திட்டம் 2017 முதல் பேசப்பட்டு வருகிறது.

இதில் நாம் நல்லவர் வேடம் போட முடியாது. 1963-ல் துறைமுக ஆணையம் வந்த நாளிலும், 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய நாளிலும், மேற்குத் துறைமுகம் எழுந்த நாளிலும் நம் கடைகளில் வியாபாரம் கூடியது. துறைமுகம் நமக்குச் சோறு போடுகிறது. இன்னொரு துறைமுகம் வந்தால் நம்மில் பலர் மகிழ்வோம். எங்கள் வண்டிக்கும் வேலை கூடும். அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் அந்தப் பேச்சு வரும்போது, "அங்கே என்ன இருக்கு? சேறும் கொசுவும்தான்" என்று மட்டும் நாம் சொல்லக் கூடாது. நம் வாயிலிருந்து அந்த வார்த்தை வருமானால், நாளை நம் மையவாடியைப் பார்த்தும் யாராவது அப்படிச் சொல்லும்போது மறுமொழி சொல்ல நமக்கு வாய் இராது.

செய்யத்தக்கவை

பொன்விழாவோடு முடிந்துவிடாமல் மூன்று காரியங்களைக் குடும்பங்களின் முன் வைக்கிறோம்.

ஒன்று, வீட்டில் உள்ள பழைய கடவுச்சீட்டு, அடையாள அட்டை, கணக்குப் புத்தகம், கடிதம், புகைப்படம் எதையும் எறிந்துவிடாமல் சங்க அலுவலகத்தில் நகல் எடுத்துக் கொடுங்கள். எழுபது வயது தாண்டிய பெரியவர்கள் பேசுவதை உங்கள் கைப்பேசியிலேயே பதிவு செய்யுங்கள். நம் கதையை நாம் வைத்துக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் வைத்திருக்கப் போவதில்லை.

இரண்டு, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒருமுறை கேரித் தீவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நண்டு உண்ணப் போகிறவர்கள் சுங்கை பும்புனிலுள்ள மா மெரி கலாசாரக் கிராமத்துக்கும் போய் வரலாம். ஒரு பாயோ சிற்பமோ வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வியாபாரிகளாகிய நமக்கு இது கடினம்தான். ஒரு நாளைக்குப் பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்று, அந்தப் பழைய சொல்லை வீட்டில் நிறுத்திவிடுவோம். பிள்ளைகள் கேட்டால் 'மா மெரி' என்று சொல்லிக் கொடுப்போம்.

மூதாட்டியிடம் விடைபெறும்போது அவருடைய பெயரைக் கேட்டுக்கொண்டோம். அவரும் நன்னாவின் பெயரைக் கேட்டார். சொன்னோம். நீளமான பெயர், இரண்டு முறை முயன்று பாதியில் நிறுத்திச் சிரித்தார். பிறகு மூன்றாம் முறை சரியாகச் சொன்னார். அவர் பெயரை நாங்களும் அப்படித்தான், இரண்டு முறை தவறாகச் சொல்லி மூன்றாம் முறை திருத்திக்கொண்டோம். நன்னாவின் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே அதை எழுதி வைத்திருக்கிறோம்.